காட்டு வழியும் மோட்டார் வண்டியும்

சென்னைப் பட்டணத்தில் வசிப்பவர்களுக்குத் திசைகள் நான்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தாலும், மாலை நேரம் வந்துவிட்டால் கிழக்கு ஒன்றே அவர்கள் ஞாபகத்தில் நிற்கிறது. கடற்கரைக்குப் போவார்கள், காற்று வாங்குவார்கள், சுண்டல் தின்பார்கள், திரும்பி வருவார்கள். விடுமுறை நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் தெற்கே மாமல்லபுரம் வரையில் போய் வருவார்கள். மேற்குத் திசையில் சூரியன் அஸ்தமிப்பதைத் தவிர வேறு விசேஷம் உண்டென்று அவர்களில் அநேகர் கேள்விப்பட்டதில்லை.

அந்த மேற்குத் திசையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பெயர் சொன்னால் பட்டணத்து நண்பர்கள், "அடடா, அவ்வளவு தூரமா!" என்று அனுதாபப்படுவார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷத்தில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டபோது, எங்கள் ஏரிக்கரைகளின் ஓரமாகத்தான் புகை விட்டுக்கொண்டு சென்றது. அன்று தொடங்கிச் சக்கரத்துக்கும் எங்களுக்கும் ஏற்பட்ட உறவு இன்றுவரை விடவில்லை. 1949-இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் தொழிற்சாலை கட்டிற்று. தமிழ்நாட்டில் எத்தனையோ வாத்தியார்களும் தபால்காரர்களும் பால்காரர்களும் அதன் சைக்கிள்களின்மீது உட்கார்ந்துதான் காலட்சேபம் செய்தார்கள். ஆவடியிலோ கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-ஆம் வருஷம் முதல் டாங்கிகள் தயாராகின்றன. முதலில் விஜயந்தா வந்தது; பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று பாரதப் போருக்குப் புறப்படுகிறவர்களைப் போலப் பெயர் சூடிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையோடு போனால் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயக் களம் இருக்கிறது.

டாங்கி என்பது சாலையே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்த வண்டி. அதைச் செய்கிற ஊரில் பிறந்த வாலிபர்களிடம் போய், "சாலையை விட்டு இறங்காதே, காட்டு வழி மூடியிருக்கிறது" என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது இயற்கைதானே? இப்போது எங்கள் பக்கத்தில் அந்தக் கோபம் இருக்கத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உயரமான மட்கார்டும் முள்ளு முள்ளான டயரும் வைத்த மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக மேற்கு நோக்கிச் செல்வதை அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் பார்க்கலாம். "வழிகளைத் திறந்துவிடச் சொல்லி நாமெல்லோரும் ஒன்று கூட வேண்டும்" என்று அவர்கள் டீக்கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு நியாயமா, அநியாயமா என்று ஆராய்வதற்கு மூடிய வழி ஒன்றை நேரில் போய்ப் பார்ப்பதே உத்தமம் என்று எங்களுக்குத் தோன்றியது.

குடியம் செல்லும் வழி

சென்ற மார்கழி விடுமுறையில் நாங்கள் பதினொரு பேர் குடியம் குகைக்குப் புறப்பட்டோம். எங்களோடு பணி புரியும் ஆசிரியை ஒருவர், மேல் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர், ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அவருடைய பேரன் ஆகியோர் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். பேரனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். தாத்தா வருகிறார் என்பதற்காகவே அன்று அவன் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு எங்களோடு வேனில் ஏறினான்.

அம்பத்தூரிலிருந்து திருவள்ளூர்ச் சாலையில் போனால் திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. முன்பு இவற்றுக்கு நடுவே வயல்கள் இருந்தன; இப்போது மனைகள் இருக்கின்றன. திருநின்றவூர் பூசலார் நாயனாருடைய ஊர். கையில் காசில்லாத அந்த அடியார் சிவபெருமானுக்கு மனத்திலேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார் என்ற வரலாற்றை எங்கள் ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொன்னார். ஒரு பையன், "மனசிலே கட்டினால் பட்டா தேவையில்லை, டீச்சர்!" என்றான். எல்லோரும் சிரித்தோம், மனைகளைப் பார்த்துக்கொண்டே வந்த பெரியவர் மாத்திரம் சிரிக்கவில்லை.

திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைத் தரிசித்துவிட்டு வடமேற்கே திரும்பினால் பூண்டி நீர்த்தேக்கம் வருகிறது. இதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். தேசபக்தர் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது, பட்டணத்துத் தண்ணீர்ப் பஞ்சம் தீர இந்த அணை வேண்டும் என்று விடாமல் முயன்றார். 1943-இல் அவர் காலமாகிவிட்டார். 1944-இல் அணை முடிந்தது. பட்டணத்து வீடுகளில் குழாயைத் திறக்கிறவர்கள் இந்தப் பெயரை எப்போதாவது நினைத்துக்கொண்டால் நல்லது.

பூண்டிக்கு அப்பால் செம்மண் பூமி. களாவும் காரையும் சூரையும் ஈச்சம் புதர்களும் நிறைந்த காடு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் பார்த்தவர்கள், "இது ஒரு காடா?" என்று கேட்கக்கூடும். மரங்கள் ஆளை விழுங்கும் உயரம் இல்லை, அருவி இல்லை, யானை இல்லை. ஆனால் மயில் உண்டு, கௌதாரி உண்டு, மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து எழும் வாசனை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தில் அதிகம் இடங்களில் காணக் கிடைக்காத ஒரு பொருள் இங்கே காலடியில் கிடக்கிறது.

காலடியில் கிடக்கும் கற்கள்

1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆந் தேதி, இராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கற்கோடரி அது. இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கிற்று. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்து ஓடையில் அத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டார்கள். பின்னாளில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே பல்லாண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து, அக்கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். சிறிய, நுட்பமான கருவிகளைச் செய்யும் இடைப் பழங்கற்காலத் தொழில்முறை அங்கே 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் மற்றொரு கட்டுரை வந்தது. உலகத்து அறிஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம்முடைய பக்கத்து ஊர்க்காரர்கள் வழக்கம்போல் கடற்கரைக்குப் போனார்கள்.

குடியம் குகை அந்த ஓடைக்கு அப்பால் அல்லிக்குழி மலையில் இருக்கிறது. கூழாங்கற்களை யாரோ சாந்து வைத்துப் பிணைத்தாற்போன்ற பாறை. அதன் அடியில் மழைக்கு ஒதுங்கும்படியாகப் பெரிய தாழ்வாரம்போல் ஒரு குடைவு. 1960-களின் முற்பகுதியில் இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் இங்கே அகழ்ந்து கற்கருவிகளை எடுத்தார்கள். ஊர் ஜனங்களுக்கோ இது அம்மன் குடியிருக்கும் இடம். செங்கல்லும் மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பொங்கலிட்டு வருகிறார்கள். கற்கால மனிதன் நின்ற நிழலில் கற்பூரம் எரிகிறது.

கிராமத்திலிருந்து குகைக்குச் சில மைல் தூரம் காட்டுக்குள் நடக்க வேண்டும். பழைய வண்டித்தடம் ஒன்று போகிறது. இது ஒதுக்குக் காடு. அனுமதி பெற்று, வழிகாட்டியோடுதான் போகலாம். நாங்கள் முன்னதாகவே இணையத்தின் வாயிலாகப் பதிவு செய்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்காரர்கள் காட்டு எல்லையில் நின்றுகொண்டிருந்தார்கள். காவலர் அவர்களிடம் அமைதியாக, "நடந்து போகிறதானால் பதிவு பண்ணிக்கொண்டு வாங்க, தம்பி. வண்டி உள்ளே போக முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்களில் ஒரு வாலிபர் எங்களைப் பார்த்ததும் முறையிட்டார். "ஸார், நீங்களே நியாயம் சொல்லுங்கள். மாட்டு வண்டி போன தடம்தானே இது? மாட்டு வண்டி போகலாம், மோட்டார் சைக்கிள் போகக்கூடாதா? வாரம் ஆறு நாள் கம்பெனியிலே இரும்போடு இரும்பாக இருக்கிறோம். ஒரு நாள் காற்றாட வருகிறோம். குடிக்கிறதில்லை, கூத்தடிக்கிறதில்லை. கதவை மூடிவிட்டால் எங்கேதான் போகிறது?"

அவர் பேச்சில் உண்மை இருந்தது. எங்கள் பக்கத்து வாலிபர்களுக்கு விளையாடுவதற்கு மைதானம் இல்லை. ஏரிக்கரைகள் பல மறைந்துவிட்டன. சினிமாக் கொட்டகையைத் தவிரப் பொழுதுபோக்கு இல்லை. காட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுவதே நல்ல குணம். அந்த ஆசையைக் குற்றமாக்கிவிடக் கூடாது.

ஆனால் அவருக்குப் பதில் சொன்னவர் நாங்கள் அல்ல. எங்களோடு வந்த ஆவடிப் பெரியவர். "தம்பி, நான் முப்பது வருஷத்துக்குமேல் டாங்கி செய்தவன். சாலை இல்லாத இடத்திலே ஓடுகிற வண்டியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை ஓட்டிப் பார்க்கிற மைதானத்திலே புல் முளைத்து நான் பார்த்ததில்லை. உன் வண்டி லேசுதான். ஆனால் டாங்கி ஒரு தடவை போகும், நீங்கள் வாரா வாரம் வருவீர்கள்" என்றார்.

வாலிபர் பதில் பேசவில்லை. பேரன் மாத்திரம் தாத்தாவைப் பார்த்து, "அதற்காக எல்லா வழியையும் மூடிவிடலாமா, தாத்தா?" என்று கேட்டான். அதுவே சரியான கேள்வி என்று எங்களுக்குப் பட்டது.

மூடியது ஏன்?

தமிழ்நாட்டில் காட்டு வழிகள் சட்டப்படி எக்காலத்திலும் அகலத் திறந்திருந்ததில்லை. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டமே, பெயர் மாறித் தமிழ்நாட்டு வனச் சட்டமாக இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி நுழைவது அதன்படி குற்றம். இருந்தாலும் பல வருஷங்கள் நகரத்து மலையேற்றக் குழுவினர் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலம் 2018-ஆம் வருஷம் மார்ச் 11-ஆந் தேதியோடு முடிந்தது.

அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொளுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். பலர் இளம் பெண்கள். கோடைக்கு முன்பே காய்ந்து நின்ற புல், மலைச்சரிவு, காற்று. தீ சமவெளியில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். மேலேயுள்ள புல்லை அதன் வெப்பமே முன்கூட்டி உலர்த்தி வைத்துவிடுகிறது. ஓட இடமில்லாமல் அகப்பட்டவர்களில் சிலர் அங்கேயே மாண்டார்கள். ஆஸ்பத்திரிகளில் நாள் கணக்காகத் துடித்து மாண்டவர்களையும் சேர்த்தால் இருபது உயிர்களுக்கு மேல் போயின. அதன் பின்பு மலையேற்றம் நிறுத்தப்பட்டது; அவ்வருஷத்திலேயே அதை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. ஆறு வருஷங்களுக்குப் பிறகு, 2024 அக்டோபரில், மாநிலத்தில் நாற்பது வழிகளைத் தேர்ந்தெடுத்து, காட்டையடுத்த ஊர்களின் இளைஞர்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பழக்கி, சர்க்கார் மறுபடியும் திறந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிடைத்த வழி இந்தக் குடியம் வழிதான். தீப் பருவம் தொடங்கும்போது இவ்வழிகள் சில காலம் மூடப்படுகின்றன.

ஆகவே மூடியதற்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குரங்கணியில் பெண்ணைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று, "காட்டில் போவது எங்கள் உரிமை" என்று பேசுவதற்கு யாருக்கு நா எழும்? ஆனால் ஒரு காரணத்துக்காக மூடிய கதவு, அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் பழக்கத்தினால் மூடியே கிடப்பதும் உலகத்தில் உண்டு. எது பாதுகாப்பு, எது பழக்கம் என்று கேட்பதற்குப் பிரஜைகளுக்கு அதிகாரம் இருக்கிறது.

காட்டுக்காகக் கிளர்ந்தவர்கள்

காடு மூடப்பட்டதை எதிர்த்து ஜனங்கள் ஒன்று திரண்டது நம் தேசத்துக்குப் புதிதல்ல. பழைய சென்னை மாகாணத்தில் குண்டூர் ஜில்லாவின் பல்நாட்டில் 1921-22-இல் குடியானவர்கள் மேய்ச்சல் வரி கொடுக்க மறுத்து, மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டினார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த கன்னெகண்டி ஹனுமந்து 1922-இல் போலீசாரின் குண்டுக்கு இரையானார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது கடலில்லாத மத்திய மாகாணத்து ஜனங்கள், "உப்புக்குப் பதில் புல்" என்று தீர்மானித்து, ஒதுக்குக் காட்டில் புல்லறுத்துச் சிறை சென்றார்கள். லோகநாயக் ஆணே அவ்வருஷம் ஜூலையில் அப்படித்தான் கைதானார்.

இங்கிலாந்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. மான்செஸ்டர் ஆலைகளில் வேலை செய்த வாலிபர்கள், பிரபுக்கள் வேட்டைக்காக மூடி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24-ஆந் தேதி நூற்றுக்கணக்கில் அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது; 2000-இல் மலைகளிலும் மேட்டுநிலங்களிலும் நடப்பதற்குச் சட்டமே உரிமை கொடுத்தது. வாரம் முழுதும் ஆலையில் உழைத்து ஒரு நாள் காற்றாடப் போன அந்த வாலிபர்களுக்கும் அம்பத்தூர் எஸ்டேட் வாலிபருக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றுதான். அந்தச் சட்டம் கொடுத்தது கால்களுக்கு உரிமை; சக்கரங்களுக்கு அல்ல.

சக்கரங்களின் கதையைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டும். கலிபோர்னியாப் பாலைவனத்தில் பார்ஸ்டோ என்னும் ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் வரையில் 1967 முதல் வருஷந்தோறும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. 1974-ஆம் வருஷத்துப் பந்தயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டினார்கள். அதனால் நிலத்துக்கு நேர்ந்த சேதத்தைக் கண்ட சர்க்கார் அடுத்த வருஷம் அனுமதி மறுத்தது. ஓட்டுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. தடையை மீறி அதே வழியில் எதிர்ப்பு ஊர்வலமாக ஓட்டினார்கள். 1983-இல் பந்தயம் திரும்பவும் வந்தது. ஆனால் 1989-க்குப் பிறகு நின்றுபோயிற்று. அந்தப் பாலைவனத்து ஆமை அழியும் நிலையில் இருப்பதாக 1990-இல் சர்க்கார் பட்டியலில் சேர்ந்தது. இதில் எங்கள் ஆவடிப் பெரியவருக்குப் பிடித்த விஷயம் வேறு. 1942-இல் ஜெனரல் பாட்டன் தம் டாங்கிகளை அந்தப் பாலைவனத்தில்தான் பழக்கினார். யுத்தம் முடிந்து பல தசாப்தங்கள் ஆன பிறகும் அந்த டாங்கிகளின் சுவடு மண்ணில் அழியாமல் தெரிந்தது.

நம் செம்மண் பூமியும் அப்படிப்பட்டதுதான். சக்கரம் அழுத்திய மண் இறுகிப்போகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. தடத்தின் வழியே ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தத் தடத்தைப் பள்ளமாக்கும். பள்ளத்தில் வண்டி போக முடியாமல் பக்கத்தில் புதுத் தடம் போடுவார்கள். மறு வருஷம் அதுவும் பள்ளமாகும். மற்றக் காடுகளில் இதனால் மண்ணும் செடியும் போகும். குடியத்திலும் அத்திரம்பாக்கத்திலும் அதனோடு இன்னொன்றும் போய்விடும். கற்கருவி எந்த மண் அடுக்கில், எந்த நிலையில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்கிற சாட்சி. பதினைந்து லட்சம் வருஷம் மழையிலும் வெயிலிலும் தப்பித்துக் கிடந்த சாட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கலைந்துபோனால், அதை மீண்டும் அடுக்கி வைக்க எந்தச் சர்க்காராலும் முடியாது.

மூன்று வகை வழிப்போக்கர்

குகையில் சற்று இளைப்பாறினோம். பாறையின் உச்சியில் தேனடைகள் தொங்கின. வழிகாட்டி உதட்டின்மேல் விரல் வைத்து எல்லோரையும் மௌனமாக இருக்கச் சொன்னார். வழக்கமாக ஓயாமல் பேசும் ஏழு பிள்ளைகளும் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. வகுப்பில் நாங்கள் ஒருநாளும் சாதிக்காத காரியத்தைத் தேனீக்கள் சாதித்தன.

திரும்பும் வழியில் விறகுச் சுமையோடு ஒரு மூதாட்டி எதிரே வந்தார். மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிக் கேட்டோம். "பாவம், புள்ளைங்க வரட்டும், போகட்டும். ஆனா அந்தச் சத்தம் கேட்டா மாடு மிரண்டு ஓடுது. அதைத் தேடிக் கூட்டியாறதுக்குள்ளே பொழுது சாஞ்சுடுது. உங்களுக்கு இது ஒரு நாளு. எங்களுக்கு இதுதானே எல்லா நாளும்?" என்றார்.

அவருடைய வார்த்தை விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டது. காட்டு வழியில் போகிறவர்கள் மூன்று வகை. வயிற்றுக்காகப் போகிறவர்கள் முதல் வகை; பல்நாட்டுக் குடியானவர்கள் கிளர்ந்தது இவர்களுக்காக. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமும் தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுடைய உரிமையையே ஒப்புக்கொள்கிறது. கண்ணாலும் காலாலும் காட்டை அனுபவிக்கப் போகிறவர்கள் இரண்டாம் வகை. கிண்டர் ஸ்கவுட் வாலிபர்கள் இவர்களைச் சேர்ந்தவர்கள். வண்டி ஓட்டும் இன்பத்துக்காகப் போகிறவர்கள் மூன்றாம் வகை. மூன்று பேருக்கும் "உரிமை" என்ற ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை வளருகிறது. முதல் வகையாருக்கு வழி மூடினால் அடுப்பு எரியாது. இரண்டாம் வகையாருக்கு மூடினால் ஒரு தலைமுறை காடு இன்னதென்று அறியாமலே வளரும். மூன்றாம் வகையாருக்கு மூடினால் இன்பம் குறையும். ஆனால் அந்த இன்பத்துக்கு வேறு இடம் தேடிக் கொடுக்க முடியும்.

முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. சென்னையில் மோட்டார்ப் பந்தயம் தொடங்கிய காலத்தில் சோழவரத்து விமான ஓடுபாதையில்தான் கார்கள் ஓடின. இரவல் இடத்தில் எத்தனை நாள் ஓட்டுவது என்று மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் களம் அமைத்தார்கள்; 1990-இல் அங்கே பந்தயம் தொடங்கிற்று. கரடுமுரடான வழியில் ஓட்டுவதற்கும் அப்படி ஒரு களம் ஏன் வேண்டாம்? திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் கல்லை வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குவாரிகள் இருக்கின்றன. அங்கே கெடுவதற்கு இனி ஒன்றுமில்லை. மேடு பள்ளம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஆதலால் எங்கள் பக்கத்து மோட்டார் சைக்கிள் வாலிபர்கள் ஒன்று கூடவேண்டும் என்றே நாமும் சொல்லுகிறோம். தனித் தனியே காவலரோடு வாதாடுவதால் பயனில்லை. கூடிக் கேட்டால் பயனுண்டு. ஆனால் எதைக் கேட்பது என்பதில் விவேகம் வேண்டும்.

முதலாவதாக, எந்த வழி மூடியிருக்கிறது, எதற்காக மூடியிருக்கிறது, எந்த மாதம் திறக்கும் என்று ஒவ்வொரு காட்டு எல்லையிலும் தமிழில் எழுதி வைக்கும்படி கேட்கலாம். காரணம் தெரிந்த கட்டுப்பாட்டுக்குப் பெரும்பாலோர் கட்டுப்படுவார்கள்; காரணம் தெரியாத பலகையைத்தான் கல்லால் அடிப்பார்கள். இரண்டாவதாக, நடப்பதற்குத் திறந்த வழிகளில் கட்டணத்தைக் குறைக்கும்படி, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைக்கும்படி கேட்கலாம். தலைக்கு நூற்றுக்கணக்கிலும் சில வழிகளில் ஆயிரக்கணக்கிலும் கட்டணம் என்றால், நான்கு பேருள்ள குடும்பம் என்ன செய்யும்? பணத்தினால் மூடிய கதவும் மூடிய கதவுதான். மூன்றாவதாக, கைவிட்ட குவாரி ஒன்றைத் தக்க பாதுகாப்போடு வண்டி ஓட்டும் களமாக்கித் தரும்படி கேட்கலாம். நான்காவதாக, எந்த வழியைக் கேட்டாலும் அந்த ஊர்க் கிராம சபையில் போய் நின்று முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். விறகுச் சுமையோடு வந்த அந்த மூதாட்டி வேண்டாம் என்றால், அவருடைய வார்த்தைக்கு மேல் வேறு தீர்ப்பு இல்லை.

கேட்பதோடு கொடுக்கவும் வேண்டும். தீப் பருவத்துக்கு முன்னால் காட்டோரத்தில் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். அதற்கு ஆள் வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு வேகம் உண்டு, வலிமை உண்டு, கூட்டம் உண்டு. காட்டு எல்லை வரையிலுள்ள சாலைகளில் வாரம் ஒரு முறை சுற்றி வந்து, எங்கேனும் புகை கண்டால் உடனே தகவல் சொல்லும் வேலையை வேறு யார் இவ்வளவு நன்றாகச் செய்ய முடியும்? அப்படி ஒரு வருஷம் செய்து காட்டிவிட்டுப் பிறகு மனுக் கொடுத்தால், அந்த மனுவை எந்த அதிகாரியும் லேசாக ஒதுக்கிவிட மாட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வாலிபர்கள் வண்டிகளை நிழலில் நிறுத்திவிட்டு இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவரின் பேரன் அவர்களோடு நின்று அரை மணி நேரம் பேசினான். அடுத்த மாதம் நடந்து போவதற்காக ஆறு பேர் பதிவு செய்யப் போவதாகவும், குவாரி விஷயமாக ஒரு மனு எழுதப் போவதாகவும், அந்த மனுவைப் பிழையில்லாமல் எழுதித் தரவேண்டும் என்றும் வேனில் ஏறியதும் எங்களிடம் சொன்னான். ஒப்புக்கொண்டோம்.

குடியம் போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்: மார்கழி, தை மாதங்கள் உத்தமம். முன்பதிவு அவசியம். சென்னையிலிருந்து திருவள்ளூர் வரையில் புறநகர் ரயில் உண்டு. அங்கிருந்து பூண்டி வழியாகச் செல்ல வேண்டும். பூண்டியிலுள்ள கற்கால அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் குகை அதிகம் பேசும். தண்ணீரும் கட்டுச் சாதமும் கொண்டு போகவும். தீப்பெட்டி கொண்டு போகவேண்டாம். வழியில் எவ்வளவு அழகான கல் கிடந்தாலும் குழந்தைகள் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும்.